சம்பந்திக்குக் கட்டிய மேடை

அவளை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை வைத்தது ஊர் இல்லை, கட்டிய புருஷன். கல்யாணமான புதிதில் பரண்மேல் கிடந்த பெட்டியை அவள் நின்ற இடத்தில் நின்றபடியே இறக்கி வைத்ததைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுக்குத் தனியா ஏணி எதுக்கு?" என்றாராம் மனிதர். அவர் அவளுடைய தோளுக்குத்தான் வருவார். இருவரும் சேர்ந்து தெருவில் போனால் பார்க்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் பொத்தாமலே சிரித்தார்கள்.

தெருமுனையில் அவர்களுடைய இஸ்திரி வண்டி நின்றது. அவர் வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவார், தேய்த்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார். தேய்ப்பது ஏணியின் வேலை. வண்டிப் பலகை சாதாரண உயரத்து மனிதர்களுக்காகச் செய்தது. அவள் நாள் முழுக்கக் குனிந்தே நின்றாள். முதுகு வலித்தது. வாய் மட்டும் ஒருநாளும் வலித்ததில்லை. போகிற வருகிறவர்களோடு பேச்சு, வம்பு, நியாயம் எல்லாம் அந்த வண்டியடியில்தான். வண்டியை எடு என்று நகராட்சி ஆள் வந்தால் மற்ற இஸ்திரிக்காரர்கள் ஏணியைத்தான் தேடி ஓடி வருவார்கள். அவள் நாலு வார்த்தை பேசினால் வந்தவர் வந்த வழியே போய்விடுவார்.

இன்னொரு குணமும் அவளுக்கு உண்டு. ஒருவர் செய்ததை மறக்கமாட்டாள். மாடிவீட்டு அம்மாள் ஒருத்தி, சட்டையில் ஏற்கெனவே இருந்த பொசுங்கலை இவள் தலையில் கட்டிவிட்டாள். ஏணி எதிர்த்துப் பேசவில்லை, சிரித்தபடி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு ஐயாவின் சட்டைக் காலர் எப்போதும் ஒரு பக்கம் நிமிர்ந்தும் ஒரு பக்கம் படுத்தும் கிடந்தது. வருஷக்கணக்கில் மனிதர் அப்படியே ஆபீஸ் போய்வந்தார். அவர் வண்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏணிக்குச் சூடாகக் காப்பி குடித்த மாதிரி இருக்கும். அவள் கத்தினால் பயமில்லை. சிரித்தால்தான் பயம்.

ஒரே மகள். உயரத்தில் அப்பாவைக் கொண்டிருந்தாள், பொறுமையில் யாரைக் கொண்டாளோ தெரியாது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு இஸ்திரிக் குடும்பம். அங்கே ஒரே பையன், நல்ல பையன். அவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மாதான் வீட்டுக்கும் தொழிலுக்கும் ராணி. ஆள் ஏணியின் தோளுக்குத்தான் வருவாள், அவ்வளவுதான். ஆனால் அவள் குரலுக்கு வீடே எழுந்து நிற்கும். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு மொத்தமாக அவளிடம்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன் துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மருமகளை, "நம்ம வேலைக்கே ஆளில்லை, அடுத்தவன் கடையில என்ன?" என்று நிறுத்தி வீட்டோடு வைத்துக்கொண்டாள். துணிக்குக் கஞ்சி போட, மடிக்க, அடுக்க. அதைக்கூட ஏணி பொறுத்துக்கொண்டாள். பெண் கொடுத்த இடமாயிற்றே.

பொறுக்க முடியாதது ஒரு மத்தியானம் நடந்தது. வண்டியடியில் உட்கார்ந்திருந்த புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து ஏணி மகள் வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது சம்பந்தி.

"ஐயோ, அப்படியா அண்ணி? சாயங்காலத்துக்குள்ள ஓட்டல் விரிப்பெல்லாம் போயாகணும். கையில இருக்கிற வேலையை முடிச்சதும் அனுப்பி வைக்கிறேன்."

உள்ளே அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "பாப்பா வந்துட்டாளா?" ஏணி சொல்லிக்கொண்டே இருந்தாள். "வந்துக்கிட்டே இருக்கா." மகள் கையில் கஞ்சி வாடையோடு ஓடி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். போன் வந்த விஷயத்தையே சம்பந்தி அவளிடம் விரிப்பெல்லாம் மூட்டை கட்டின பிறகுதான் சொல்லியிருக்கிறாள்.

துக்கத்துக்கு வந்த சம்பந்தியைப் பார்த்து ஏணி சிரித்தாள். "வாங்க அண்ணி, உக்காருங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள், புருஷன் போன அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். மூளை அவளுக்கு அன்றுதான் மிகத் தெளிவாக இருந்தது. இவள் வலியில் துடிப்பதை நான் என் கண்ணால் பார்க்கவேண்டும், அதற்குப் பிறகு நான் செத்தாலும் சரி என்று தீர்மானம் செய்திருந்தாள். எப்படி என்பது மட்டும்தான் தெரியவில்லை. வழியை நகராட்சியே கொண்டுவந்து கொடுத்தது.

நடைபாதை வண்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பழைய கிடங்கு ஒன்றைப் பொது இஸ்திரிக் கூடமாக மாற்றித் தரப்போவதாக அறிவித்தார்கள். அதிசயமாக, அதில் நிற்கப்போகிறவர்களைக் கேட்டுத்தான் கட்டுவோம் என்றும் சொன்னார்கள். கேட்பதற்கென்றே ஒரு குழு வந்தது. குழுவுக்குத் தலைமை ஓர் இளம்பெண். தோளில் பெரிய பை, பை நிறைய ஒட்டுகிற கலர்ச் சீட்டுகள். யார் எதைச் சொன்னாலும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சீட்டுப் பொண்ணு என்று பெயர் நிலைத்துவிட்டது.

"மனுஷங்களை மையமா வெச்சு வடிவமைக்கிறதுதான் எங்க வேலை" என்று முதல் கூட்டத்தில் சொன்னாள்.

"நடுவுல எங்களை நிக்க வெச்சுட்டுச் சுத்திக் கட்டிருவியா பாப்பா? அப்புறம் நாங்க வெளிய வர்றது எப்படி?" என்று ஏணி கேட்டாள். கிடங்கே சிரித்தது. சீட்டுப் பொண்ணு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

அவளைக் குறை சொல்லக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற ரகம் இல்லை. வெயிலில் வண்டி வண்டியாக நின்று பார்த்தாள். பெட்டியை வாங்கித் தானே தேய்த்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். ஆனால் மற்றவர்கள் கூச்சத்தில், "நீங்க எது செஞ்சாலும் சரி மேடம்" என்று சொல்லி நழுவினார்கள். வாய் திறந்தது ஏணி ஒருத்தி. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததற்கும் சொன்னாள். பாவம், அந்தப் பெண் ஏணியின் குரலையே ஊர்க்குரல் என்று எடுத்துக்கொண்டாள். குழுவின் அலுவலகச் சுவரில் ஏணியின் படம்கூட ஏறிவிட்டது.

பிறகு மாதிரி மேடை வந்தது. தச்சர் செய்த மர மேடை. ஆணியைக் கழற்றி மாட்டினால் தாழும், உயரும். தாழ்வு, நடுத்தரம், உயரம் என்று வைத்து ஒவ்வொருவரும் வந்து சட்டை தேய்த்துப் பார்க்கவேண்டும், பிடித்த உயரத்துக்கு நேராகப் பச்சைப் பொட்டு ஒட்டவேண்டும். சம்பந்தியின் முறை வந்தது. நடுத்தரத்தில் நன்றாகத் தேய்த்தாள். உயரத்தில் வைத்ததும் அவள் தோள் காதுவரை ஏறியது. பெட்டியை அழுத்த முடியாமல் குதிகாலைத் தூக்கினாள்.

ஏணி அதைப் பார்த்தாள். அவளுக்குக் காப்பி குடித்த மாதிரி இல்லை. விருந்தே சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவள் வேலையைத் தொடங்கினாள். இஸ்திரிக்காரர்களுக்கு எல்லாம் பொதுவான நோவு முதுகு. ஒவ்வொருவரிடமும் போய், "இத்தனை வருஷம் குனிஞ்சது போதாதா? கிடைக்கிறப்போ உசரமா வாங்கிக்க" என்று ஓதினாள். உயர மேடையில் ஒரு சட்டை தேய்க்கும் நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். நாள் முழுக்க நின்றால்தான் தோள் கழன்று விழும். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சீட்டுப் பொண்ணு சந்தேகப்பட்டாள்.

"ஒரு வாரம் வெச்சு வேலை செஞ்சு பாக்கலாமாம்மா?"

"ஒரு வாரம் வண்டியை விட்டுட்டு இங்க வந்து நின்னா அடுப்பு எரியுமா? எங்க உடம்பு எங்களுக்குத் தெரியாதா?"

"அப்போ ஆளுக்குத் தகுந்த மாதிரி சிலது தாழ்வா, சிலது உயரமா வைக்கலாம்."

இதற்கும் ஏணியிடம் பதில் தயாராக இருந்தது. "நல்லாச் சொன்னே. அப்புறம் எது எனக்கு, எது உனக்குன்னு தினம் அடிதடிதான். வர்ற போலீஸ்காரருக்கும் ஒரு மேடை போட்டு வெச்சுரு."

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். உயரத்துக்கு நேரே பச்சைப் பொட்டுகள் அம்மை போட்ட மாதிரி அப்பிக் கிடந்தன. நடுத்தரத்தில் சம்பந்தி ஒட்டியதும், இன்னும் இரண்டொருவர் ஒட்டியதும்தான். சம்பந்தி பொட்டை ஒட்டிவிட்டுத் திரும்பி ஏணியை ஏற இறங்கப் பார்த்தாள். ஏணி சிரித்தாள்.

கூடம் திறந்தது. நல்ல வெளிச்சம், காற்றாடி, குழாயில் தண்ணீர், ஆளுக்கொரு கரண்டு இஸ்திரிப் பெட்டி. தரையில் பதித்த இரும்புக் கால்கள்மேல் கல்பலகை போட்ட மேடைகள், எல்லாம் ஏணியின் உயரத்துக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் நிமிர்ந்து நின்று தேய்த்தாள். நேர் எதிர்வரிசையில் சம்பந்தி. கை நெஞ்சுக்கு மேலே தூக்கியபடி, கழுத்து உள்ளே போய், ஓட்டல் விரிப்புகளோடு மல்லுக்கட்டினாள். சாயங்காலம் ஆனால் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ஏணி ஒவ்வொரு விரிப்பையும் ரசித்தாள். பாப்பா வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே போனாரே, அந்தக் கேள்விக்கெல்லாம் இங்கே பதில் போய்ச் சேருகிறது என்று நினைத்தாள். மற்றவர்களும் தோள் வலிக்கிறது என்று முனகத் தொடங்கியிருந்தார்கள். "புது இடம், பழகிடும்" என்றாள் அவர்களிடம். அவர்கள் வலி அவளை உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் எதிர்வரிசையைப் பார்த்தால் உறுத்தல் போய்விடும்.

சம்பந்தி சும்மா இருப்பாளா? செங்கல்லை அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். சட்டை தேய்க்கிறவர்கள் ஒரே இடத்தில் நிற்கலாம். விரிப்பு அப்படி இல்லை, பக்கவாட்டில் நடந்துகொண்டே தேய்க்கவேண்டும். ஒரு காலை எட்டி வைத்தபோது பலகை புரண்டது. அவள் கல்மேடையின் ஓரத்தில் தோள் மோதி விழுந்தாள். கூடமே ஓடியது. ஏணியும் ஓடினாள். குனிந்து தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. அந்த அலறலைக் கேட்டபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை. இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் தோன்றியது.

தோள் எலும்பு உடைந்திருந்தது. ஏணி கை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். பார்க்க என்று சொல்வது மரியாதைக்கு. ரசிக்கப் போனாள் என்பதுதான் உண்மை. சம்பந்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள், கை துணித்தொட்டிலில் தொங்கியது. மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"ரொம்ப வலிக்குதா அண்ணி?"

"வலிக்காம?" சம்பந்தி பழத்தைப் பார்த்தாள், பிறகு ஏணியைப் பார்த்தாள். "மேடை அவ்வளவு வசதின்னு ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லிக் கட்ட வெச்சீங்களே அண்ணி. யாருக்காகன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பொட்டு ஒட்டறப்பவே தெரியும்."

ஏணி பழப்பையைக் கட்டிலடியில் வைத்தாள்.

"எனக்கு அந்த வசதி குடுத்து வைக்கல. என் உசரம்தான் உங்க பொண்ணும். அவ அனுபவிக்கட்டும். ஓட்டல் விரிப்பு நிக்கக் கூடாது பாருங்க. நாளையிலிருந்து அவதான் அந்த மேடையில நிக்கப்போறா."

சொல்லிவிட்டுச் சம்பந்தி சிரித்தாள். அது ஏணியின் சிரிப்பேதான். இவளுக்கு அது எப்படி வந்தது என்று ஏணி வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் எதிர்வரிசையில் மகள் நின்றாள். பலகை கிடையாது, இனி யாரும் எதன்மேலும் ஏறக்கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டுவிட்டது. குதிகாலைத் தூக்கி, தோளைத் தூக்கி, ஈர விரிப்பின்மேல் பெட்டியை இழுத்தாள். மத்தியானத்துக்குள் அவள் உதடு வெளுத்துவிட்டது. ஏணி ஓடிப்போய், "நான் தேய்க்கிறேன், நீ உக்காரு" என்றாள். "உன் துணி யார் தேய்ப்பா? போம்மா" என்றாள் மகள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலைந்து நாள் ஏணி அதைப் பார்த்தாள். சம்பந்தியை ரசித்த அதே இடத்தில் நின்று, அதே நேரங்களில், ஒரு விரிப்பு விடாமல் பார்த்தாள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாலும் பெட்டி கல்லில் மோதும் சத்தம் கேட்டது. அவள் வயிறு எரிந்தது. சம்பந்தியின்மேல் எரிந்ததா தன்மேல் எரிந்ததா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

கடைசியில் சீட்டுப் பொண்ணின் அலுவலகத்துக்குப் போனாள். சுவரில் அவள் படம் இன்னும் இருந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டே சொன்னாள்.

"மேடையை இறக்கணும் பாப்பா. நான் பொய் சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன்."

ஏன் என்று கேட்டாள் அந்தப் பெண். ஏணி ஆஸ்பத்திரி வராந்தாவில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள். அழுதாள். சீட்டுப் பொண்ணின் கண்ணிலும் தண்ணீர் வந்தது. ஆனால் அவள் குரலில் இரக்கம் இல்லை.

"அவங்க ஒருத்தருக்காக, மத்த அத்தனை பேர் தோளையும் சேத்து உடைச்சிருக்கீங்க. நான் போய் என் மேலதிகாரி முன்னாடி நிக்கணும். நின்னுக்கறேன், உங்க வாயை மட்டும் கேட்டது என் தப்பு. இரும்புக் காலை அறுத்து இறக்கிடலாம். ஆனா ஒண்ணு. இதை அவங்க எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லணும்."

ஏணி சொன்னாள். கூடத்தின் நடுவில், பெட்டிகளை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து நின்று சொன்னாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் வசவு பொழிந்தது. கூட்டங்களில் வாய் திறக்கவே கூசியவர்கள்கூட அன்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நாசமாப் போறவளே என்றாள் ஒருத்தி. இவ பேச்சைக் கேட்டோமே என்று ஒருவர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். சீட்டுப் பொண்ணு ஒவ்வொரு மேடையாகப் போய், ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிற்க வைத்து, அவரவர் உயரத்தில் இரும்புக் காலின்மேல் சுண்ணாம்புக்கோடு போட்டாள்.

எல்லாம் அடங்கின பிறகு ஏணி மகளிடம் போனாள். பட்ட அவமானம் பெரிதாகத் தெரியவில்லை. மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற தெம்பு இருந்தது.

"வெல்டர் நாளைக்கு வர்றாராம் கண்ணு. இறக்கிடுவாங்க. இனிமே உனக்குக் கை வலிக்காது."

மகள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கை வலிக்குதுன்னு உன்கிட்ட நான் சொன்னேனா?"

"சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?"

"உனக்கு என்னம்மா தெரியும்?" மகள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து மேடைக்குக்கூடக் கேட்காது. "அப்பா கேட்டுக்கிட்டே போனாரே, அவரு எனக்கும் அப்பாதான். அந்த வீட்டுல இனி இருக்கமாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். உன் மாப்பிள்ளைகிட்ட தினமும் பேசிப் பேசி, சண்டை போட்டு, அழுது, ஒருவழியா ஒத்துக்க வெச்சேன். தனியாப் போறதுக்கு வீடு பாத்தாச்சு. பழைய கடையில மறுபடி வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. இந்த மாசம் போயிருப்போம். அத்தைக்குக் கோடி குடுத்தாலும் மகன் திரும்பி வந்திருக்கமாட்டாரு. நான் வாங்க இருந்த பழி அது."

மகள் தேய்த்த விரிப்பை மடித்து வைத்தாள்.

"இப்போ, எலும்பு உடைஞ்சு கிடக்கிற அம்மாவை எப்படி விட்டுட்டு வர்றதுன்னு கேக்கறாரு. என்கிட்ட பதில் இல்ல. உன்கிட்ட இருக்கா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கூடத்தில் மறுபடி பெட்டிகள் சூடேறும் வாடை வந்தது. ஊருக்காகப் பேசிய வாய், நகராட்சியைத் திருப்பி அனுப்பிய வாய், அன்று ஒரு வார்த்தைக்கு அலைந்தது. மகளின் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்து, பிடிக்காமல், மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, இப்போ கேக்கறேன். உனக்கு என்ன வேணும்? நான் என்ன செய்யட்டும், சொல்லு கண்ணு."

மகள் அடுத்த விரிப்பை உதறி மேடைமேல் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். குதிகாலைத் தூக்கிப் பெட்டியை எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. வெளிச்சத்தை மறைக்கிறே."

ஏணி தள்ளி நின்றாள்.